அறியாமை நாணமாகுமா?

தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாலியல் சுகாதாரம் கற்பிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி மருத்துவத் துறையினருக்கு வேடிக்கையாகத் தோன்றும். நோயாளியின் உடம்பைக் கழுவித் துடைத்து, மகப்பேற்று விடுதியில் இரவு பகலாக நின்று, மரித்தவரின் சரீரத்தையும் ஒழுங்குசெய்து கொடுக்கும் பணிக்குச் செல்கிறவள் இதைக் கற்காமல் வேறெதைக் கற்பது என்று அவர்கள் கேட்பார்கள். ஆயினும் நம் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துச் சித்தியெய்திய மகள் பயிற்சிக்குத் தெரிவானதும் மகிழ்ந்து கோயிலுக்கு நேர்த்தி செலுத்தும் தாய், சில மாதங்களின் பின் பங்குச் சுவாமியாரிடம் வந்து, “சுவாமி, படிப்பென்றால் படிக்கத்தான் வேணும். ஆனால் இதையெல்லாம் பொடியன்மாரோடு ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பிக்க வேணுமோ?” என்று கேட்கிறாள்.

இந்தத் தாயைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமன்று. அவள் அஞ்சுவது மூன்று காரியங்களுக்கு. மகளின் உள்ளத்தில் உள்ள மாசின்மை கெட்டுவிடுமோ என்பது ஒன்று. உடம்பின் இயக்கத்தை மட்டும் சொல்லி, நன்மை தீமையைச் சொல்லாமல் விட்டுவிடுவார்களோ என்பது இன்னொன்று. திருச்சபை ஏற்காத காரியங்களுக்கு மகளைக் கருவியாக்கிவிடுவார்களோ என்பது மற்றொன்று. முதலாவது அச்சமே மற்ற இரண்டுக்கும் வேர். ஆகவே அதைப்பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

நம் பிள்ளைகள் எவ்வளவு தெரிந்துகொண்டு பயிற்சிக்குப் போகிறார்கள்? நம் பகுதிகளில் ஒரு பெண்பிள்ளை பருவமடைந்தால் ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். அழைப்பிதழ் அச்சிடுகிறோம், மாமன்மார் தண்ணீர் வார்க்கிறார்கள், மணவறை, வீடியோ, விருந்து எல்லாம் அமர்க்களமாக நடைபெறுகின்றன. ஆனால் அவளுடைய உடம்பில் நடந்தது என்ன, ஏன் நடந்தது, இனி மாதந்தோறும் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்பவர் எத்தனை பேர்? ஊரெல்லாம் அறிந்த செய்தியை உரியவள் மட்டும் அறியாதிருக்கிறாள். பாடசாலையில் அந்த அத்தியாயம் வரும்போது “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்களும் உண்டு. இதை நாம் நாணம் என்று அழைக்கிறோம். மணவறையில் இருத்திப் படம் பிடிக்கும்போது அந்த நாணம் எங்கே போனது என்று கேட்பாரில்லை.

உயர்தர உயிரியலில் சூலகம், விதை, ஓமோன் என்றெல்லாம் பரீட்சைக்கு எழுதிச் சித்தியெய்தியவள்தான் தாதிய மாணவி. ஆனால் பரீட்சைத் தாளில் எழுதிய சொல்லை நோயாளியின் முன்னால் சொல்ல அவளுக்கு நா எழாது. நோயாளியும் “அந்த இடத்தில ஒரு கரைச்சல், மிஸி” என்பதற்கு மேல் பேசமாட்டாள். ஒருத்திக்குப் புத்தகச் சொல் மட்டும் தெரியும். மற்றவளுக்கு எந்தச் சொல்லும் வாயில் வராது. நோய் இருவருக்குமிடையே பெயரின்றிக் கிடக்கிறது.

இந்தச் சொற்பஞ்சம் தமிழுக்கு இயல்பானதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தை நம்மவருக்குக் கற்பித்த அவர், பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்ததோடு, உடற்கூற்று நூலையும் பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். சமயப் பிரிவால் அவர் நம்மவர் அல்லர்; ஆனால் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் கண்ணியமான தமிழ்ப் பெயர் இருக்கவேண்டும் என்று உழைத்த அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அச்சிலேறிய பொருளை இன்று வாயால் சொல்ல முடியாதென்பது தமிழின் குறையன்று.

இனி அறியாமையின் விலையைப் பார்ப்போம். சலரோகமுள்ள குடும்பப் பெண் ஒருத்திக்குப் பிறப்புறுப்பில் கடியும் வெள்ளைபடுதலும் உண்டாகின்றன என்று வைத்துக்கொள்வோம். குருதியில் சீனி கூடியவர்களுக்கு ஒருவகைப் பங்கசினால் இது இலகுவில் வரும். ஒழுக்கத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. கணவன் விடுதியின் வாசலில் நின்று, “இது எப்படி வந்தது, மிஸி?” என்று தாதியைக் கேட்கிறான். விஷயம் தெரிந்தவள், நோயாளியின் சம்மதத்தோடு, இரண்டு வசனத்தில் விளக்கி அவன் மனத்தை ஆற்றிவிடுவாள். விஷயம் தெரியாதவள் என்ன செய்வாள்? முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அல்லது ஒரு சிரிப்புச் சிரித்து, “அதை அவவிட்டையே கேளுங்கோ” என்பாள். அந்தச் சிரிப்பை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். ஒரு மனைவியின் நற்பெயர் அன்றிரவே போய்விடுகிறது. இங்கே ஆறாம் கற்பனைக்குப் பங்கம் வந்ததாகச் சொல்ல முடியாது. பங்கம் வந்தது எட்டாம் கற்பனைக்கு. பொய்ச்சாட்சி சொல்ல வாய் திறக்கவேண்டும் என்ற அவசியமில்லை.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் காரியமும் இதைப் போன்றதே. அதற்கு முக்கிய காரணமான வைரசு பாலுறவின் மூலம் தொற்றுவது. நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசியும் ஏற்றப்படுகிறது. முப்பத்தைந்து வயதில் பரிசோதனைக்கு வரும்படி அழைத்தால், “நான் அப்படிப்பட்டவள் இல்லை” என்று கோபித்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். தன் கணவனையன்றி வேறொருவரை அறியாத பத்தினிக்கும் இவ்வைரசு தொற்றலாம்; தொற்றிப் பல வருடங்கள் சத்தமின்றி இருக்கவும் கூடும் என்று நோகாமல் எடுத்துச் சொல்ல ஒருத்தி வேண்டும். சொல்லத் தெரியாத தாதி முன் நிற்கும்போது அந்தப் பெண் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். அப்படிப் போனவர்களுள் சிலர் பத்து வருடத்தின் பின் மகரகமைக்குப் போகவேண்டியவர்களாகிறார்கள்.

நாணத்தின் பெயரால் உயிர்கள் போவதைத் திருச்சபை தன் சொந்த வரலாற்றிலேயே கண்டிருக்கிறது. வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பிரசவம் பார்ப்பதும் முழுமையான மருத்துவத் தொழில் செய்வதும் ஒரு காலத்தில் அவர்கள் நிலைக்கு ஒவ்வாதவை எனத் தடுக்கப்பட்டிருந்தன. அதே காலத்தில், அன்றைய இந்தியாவின் வடமேற்கில், பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகமாட்டாமல் பிரசவத்தில் மாண்டுகொண்டிருந்தார்கள். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பெண் வைத்தியர் அக்னஸ் மக்லாறன் இதைக் கண்டு பொறுக்கமாட்டாமல் உரோமாபுரிக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். அவருடைய தூண்டுதலால் மருத்துவம் கற்ற ஒஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1925-ல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை ஆரம்பித்தார். 1936-ஆம் ஆண்டு உரோமாபுரி அந்தத் தடையை நீக்கியது.

இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். இங்கே இரண்டு நாணங்கள் ஒன்றோடொன்று மோதின. ஒன்று, கன்னியரின் நாணத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணம். மற்றது, பிரசவ வேதனையில் கிடந்த முஸ்லிம் தாயின் நாணம். கன்னியர் அறியவேண்டாதவற்றை அறிந்துகொண்டால்தான் அந்தத் தாய் அந்நிய ஆடவன் முன் தன்னைத் திறந்துகாட்டாமல் உயிர் பிழைக்க முடியும். திருச்சபை எந்த நாணத்தின் பக்கம் சாய்ந்தது என்பதை 1936 காட்டுகிறது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கே இடமளிக்கப்பட்டதை, இல்லற வாழ்வுக்குப் போகப்போகும் நம் பிள்ளைகளுக்கு மறுப்பது எந்த நியாயம்?

குருமடங்களைக் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். ஆறாம் கற்பனையைப் பற்றிய பாடம் குருமாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக முழுமையாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. பழைய ஒழுக்கவியல் நூல்களில் மற்றப் பகுதிகளை நாட்டு மொழியில் எழுதினாலும் அந்தப் பகுதியை மட்டும் இலத்தீனில் விட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. (வாலிபர்கள் அந்தப் பகுதியின் இலத்தீனை மிகக் கரிசனையாகப் படித்தார்கள் என்று வயோதிப குருமார் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.) விவாகமே செய்யாத வாலிபனுக்கு இவை ஏன்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒருவன் மனம் நொந்து வந்து முழந்தாளிடும்போது, அவன் சொல்வதை விளங்கிக்கொள்ளவும், சொல்லாததைத் துருவாதிருக்கவும் அறிவு வேண்டும் என்பதற்காகவே. இந்த விஷயத்தில் அதிகம் கேட்பதிலும் குறைவாகக் கேட்பது நன்று என்ற எச்சரிக்கையும் அந்த நூல்களிலேயே இருந்தது. ஆன்மாவின் காயத்தைத் தொடுகிறவனுக்குத் தேவைப்பட்ட ஆயத்தம் உடம்பின் காயத்தைத் தொடுகிறவளுக்கு வேண்டாமா?

புனித தோமஸ் அக்குவினார் நாணத்தைப் பற்றிச் சொல்லியிருப்பது நம்மவர் பலருக்கு வியப்பளிக்கும். நாணம் புகழத்தக்க ஓர் உணர்ச்சி என்கிறார். ஆனால் கண்டிப்பான பொருளில் அதைப் புண்ணியங்களுள் ஒன்றாக அவர் எண்ணவில்லை. இழிவு வந்துவிடுமோ என்ற அச்சமே நாணம். புண்ணியத்தில் தேறியவர்களிடமும் முதியவர்களிடமும் அது குறைந்திருப்பதன் காரணத்தையும் அவர் விளக்குகிறார். இன்னோரிடத்தில் அறிவு வேட்கையை ஆராய்கிறார். உண்மையை அறிவது தன்னளவில் நல்லதே. அதை எதற்காக, எந்த மனநிலையோடு தேடுகிறோம் என்பதிலேயே குற்றம் புகும். கடமைக்காக ஒழுங்கோடு கற்பது புண்ணியம். இச்சையைத் தூண்டிக்கொள்வதற்காகவோ, பிறர் நடத்தையைத் துருவி அவர்களைப் பழிப்பதற்காகவோ தேடுவது துர்க்குணம். பொருள் ஒன்றாக இருந்தாலும் செயல் வேறு.

இந்த அளவுகோலை விடுதிக்குக் கொண்டுவந்தால் சில காரியங்கள் தெளிவாகின்றன. வெள்ளைபடுதலின் காரணங்களைக் குறிப்பேட்டில் எழுதிப் படிக்கும் மாணவி குற்றமற்றவள். ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, திருமணமாகாத கர்ப்பிணி ஒருத்தி அனுமதிக்கப்பட்டதும் “ஆராம் ஆள்? எந்த ஊராம்?” என்று தேநீர் அறையில் விசாரிப்பவளே புனிதர் கண்டித்த துர்க்குணத்துக்கு உள்ளாகிறாள். நம் சமூகம் முதலாமவளைக் கண்டு முகம் சுளிக்கிறது. இரண்டாமவளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாடு. வைத்தியர் பலரிடம் துன்பப்பட்டு, கையிலிருந்த பணத்தையெல்லாம் தொலைத்து, குணமடையாமல் இன்னும் மோசமாயிருக்கிறாள். மோயீசன் சட்டப்படி அவள் தீட்டுப்பட்டவள்; நம் ஊர் வழக்கில் சொன்னால் முடியாத துடக்கு. ஆகவே கேட்க வெட்கி, பின்னால் வந்து, ஆடையை மட்டும் தொடுகிறாள். ஆண்டவர் அவளுடைய நோயின் பெயரைக் கூட்டத்தில் சொல்லவில்லை. தொட்டது யார் என்று மட்டும் கேட்டார். அவளே முன்வந்து உண்மை முழுவதையும் சொன்னாள். அவர் அவளை மகளே என்று அழைத்தார். இன்று நம் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் வரிசையில் ஆடையின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போகவரும் பெண்கள் அநேகர். வயிற்றுநோ என்று சொல்லி நுளைவார்கள். உண்மையான நோயைச் சொல்லாமல் பனடோலோடு திரும்பிவிடுவார்கள்.

ஆண்களிலும் இப்படித்தான். குருதியமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் சில குளிசைகள் ஆண்மைத் தளர்ச்சியை உண்டாக்கக்கூடும். சலரோகமும் அதை உண்டாக்கும். ஐம்பது வயதுக் குடும்பத்தலைவர் இதை வைத்தியரிடமும் சொல்லார், மனைவியிடமும் சொல்லார். பேசாமல் குளிசையை நிறுத்திவிடுகிறார். ஒருநாள் பாரிசவாதத்தில் விழுந்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “ஐயா, இந்தக் குளிசையால் சிலருக்கு இப்படி ஒரு கஷ்டம் வரும், வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கோ, வேறு மாற்றித் தருவினம்” என்று கிளினிக்கில் ஒரு தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவருடைய கையும் காலும் தப்பியிருக்கக்கூடும்.

இதிலும் கடினமான கேள்வியொன்றை நம் பிரதேசத்துத் தாதியர் சந்தித்திருக்கிறார்கள். 2009 வரை நீடித்த போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இளைஞரும் யுவதிகளும் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவன் இரவு வேளையில், மற்றவர்கள் உறங்கியபின், “நான் கலியாணம் செய்யலாமோ, மிஸி?” என்று கேட்டால் என்ன சொல்வது? வைத்தியரை இப்படிக் கேட்க அவனுக்குத் துணிவில்லை. சுவாமியாரிடம் கேட்கவும் கூச்சம். முள்ளந்தண்டுக் காயத்தால் பெண்ணின் கருத்தரிக்கும் ஆற்றல் பெரும்பாலும் அழிந்துபோவதில்லை. ஆணுக்குக் காயத்தின் இடத்தையும் அளவையும் பொறுத்து நிலை வேறுபடும் என்பதைத் தாதி அறிந்திருக்கவேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1084-ஆம் இலக்கச் சட்டம், மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையல்ல என்கிறது. இல்லற உறவுக்கான இயலாமை பற்றி ஐயமிருந்தால் திருமணத்தைத் தடுக்கலாகாது என்றும் சொல்கிறது. இதைக் கத்தோலிக்கத் தாதி ஒருத்தி தெரிந்துவைத்திருந்தால், “இதெல்லாம் இப்ப யோசிக்கக் கூடாது தம்பி, படுங்கோ” என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகமாட்டாள்.

திருச்சபையின் போதனை இந்த அறிவுக்கு எதிரானது என்று எண்ணுகிறவர்கள் 1951-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய மருத்துவமாதர்களுக்கு ஆற்றிய உரையைப் பார்க்கட்டும். இயற்கையான கருத்தரிப்புக் காலங்களைப் பற்றிய உடலியல் விளக்கத்தைத் தம்பதிகளுக்குக் கொடுப்பது குருவின் வேலையன்று, உங்கள் வேலை என்றும், அதில் நீங்கள் சரியான அறிவு பெற்றவர்களாயிருக்கவேண்டும் என்றும் அவர் அவர்களிடம் கூறினார். வயதுக்கேற்ற, விவேகமான பாலியல் கல்வி இளைஞருக்குத் தேவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. 1968-ல் செயற்கைக் கருத்தடையை விலக்கிய ஆறாம் சின்னப்பரின் சுற்றுமடலே, வைத்தியரும் மருத்துவப் பணியாளரும் இத்துறையில் வேண்டிய அறிவைப் பெறுவது தொழிற் கடமை என்கிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் குடும்ப அன்பைப் பற்றி எழுதியபோது பாலியல் கல்வியை வற்புறுத்தியதோடு, நாணத்தின் பெறுமதியையும் எடுத்துச் சொன்னார்.

இன்னுமொன்று. நாம் திருமண ஆயத்த வகுப்புகளில் பரிந்துரைக்கும் பில்லிங்ஸ் முறை, அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் டொக்டர் ஜோன் பில்லிங்ஸ் 1953-ல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. அதற்கு அடிப்படை என்ன? கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து வரும் சளி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை ஒரு பெண் தானே கவனித்து, பெயர் சொல்லிக் குறித்துவைத்து, கணவனோடும் பேசுவது. இதைவிட வெளிப்படையான உடலறிவு வேறென்ன? அறியாமையைப் போற்றிக்கொண்டு இயற்கை முறையைப் பிரசங்கிப்பவர்கள், நீச்சல் தெரியாதவனைப் பாக்குநீரிணையில் இறக்கிவிடுகிறவர்கள்.

மனச்சாட்சியின் பிரச்சினை உண்மையானது. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. தன் விசுவாசம் ஏற்காத ஒரு செயலுக்குக் கைகொடுக்க இயலாதென்று ஒரு தாதி மேலதிகாரியிடம் மரியாதையோடு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் கையை விலக்குவது வேறு, அறிவை விலக்குவது வேறு. கருத்தடை ஊசி ஏற்றிக்கொண்ட ஒருத்தி, மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனதால் பயந்து வந்து நிற்கிறாள். இந்த ஊசிக்கு அப்படி ஆவது சாதாரணம் என்பதும், நிறுத்திய பின்னும் கருத்தரிக்கப் பல மாதம் செல்லலாம் என்பதும் தெரியாத தாதி அவளைச் சந்தைப் பேச்சுக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறாள். பயத்தைத் தெளிவித்தபின், அவள் விரும்பினால், வேறு வழியும் உண்டென்று சொல்லலாம். பயந்தவளுக்கு முதலில் வேண்டியது பிரசங்கமன்று.

கருச்சிதைவின் காரியம் இதைவிடப் பாரதூரமானது. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி அதைச் செய்விப்பது நம் நாட்டில் குற்றம். கருவிலுள்ள உயிரைப் பற்றித் திருச்சபையின் நிலைப்பாடும் யாவரும் அறிந்ததே. இருந்தும் அது ஒளிவில் நடைபெறுகிறது. காய்ச்சலோடும் குருதிப்போக்கோடும் ஒருத்தி கொண்டுவரப்படுகிறாள், நடந்ததைச் சொல்லவில்லை. விடுதியில் ஒரு தாதி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக ஏசுகிறாள். தான் ஒழுக்கத்துக்காகப் பேசுவதாக எண்ணுகிறாள். அந்தப் பெண் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்கிறாள். உள்ளே நச்சேறுகிறது. குழந்தையின் உயிர் ஏற்கெனவே போயிற்று. இப்போது தாயின் உயிரும் போகிறது. அவளுக்குச் சிகிச்சையளிப்பது எந்தக் கற்பனைக்கும் மாறானதன்று, அது கடமை. அறிகுறிகளைக் கண்டவுடன் விளங்கிக்கொள்ளவும், திரையை இழுத்துவிட்டு, “பயப்படாதேங்கோ, என்ன நடந்ததென்று தெரிந்தால்தான் உங்களைக் காப்பாற்றலாம்” என்று தாழ்ந்த குரலில் கேட்கவும் ஒருத்திக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். இவை தானாக வருவதில்லை.

வெறும் உடற்கூறு போதாதென்ற தாயின் இரண்டாவது அச்சத்தில் முழு நியாயம் உண்டு. படங்களை வேகமாக ஓடவிட்டு, பின்வரிசையில் சிரிப்பெழ, தானும் கூச்சத்தால் பகிடி விட்டுக்கொண்டு ஒரு விரிவுரையாளர் முடிக்கும் வகுப்பு, நடக்காமலிருந்தாலும் நட்டமில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் மருத்துவப் பணியாளருக்கான பாலியல் கல்வி பற்றி 1975-ல் வெளியிட்ட அறிக்கையிலும் அறிவோடு மனப்பாங்கும் பயிற்றப்படவேண்டும் என்பது வற்புறுத்தப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜக் அனன் 1976-ல் வகுத்த படிமுறை தாதியக் கல்வியில் இன்றும் பயன்படுகிறது. நோயாளி பேசுவதற்கு முதலில் இடங்கொடுத்தல். பின்பு வேண்டிய அளவு தகவல். அதன்பின் குறிப்பான ஆலோசனை. கடைசியாக, தேவைப்பட்டால், நிபுணரிடம் அனுப்புதல். தாதியிடம் பெரும்பாலும் முதல் இரண்டுமே எதிர்பார்க்கப்படுகின்றன. “இந்த வருத்தத்தால் சிலருக்குக் குடும்ப வாழ்க்கையிலும் கஷ்டம் வருவதுண்டு, உங்களுக்கு ஏதும் இருந்தால் சொல்லலாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். துருவக்கூடாது. பழைய பாவசங்கீர்த்தன நூல்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

இப்படிப் பேசத் தெரிந்தவர்களால் நாடு பெற்ற பயனுக்கு ஒரு சான்று உண்டு. எச்.ஐ.வி. தொற்றிய முதலாவது இலங்கையர் 1987-ல் கண்டறியப்பட்டபோது எங்கும் பீதி. 2019 டிசம்பரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆய்வுகூடமும் மருந்தும் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. “எனக்கேன் இந்த இரத்தப் பரிசோதனை?” என்று கேட்ட கர்ப்பிணித் தாய்மாருக்கு, சந்தேகத்தால் அல்ல, எல்லாருக்கும் செய்வதுதான் என்று குடும்பநல மருத்துவமாதர்கள் நோகாமல் சொல்லிப் புரியவைத்தார்கள்.

மாணவியின் சொந்தப் பாதுகாப்பும் இக்கல்வியில் அடங்கும். இதைப் பெற்றோர் யோசிப்பதில்லை. உடம்பு துடைக்கும்போது வேண்டுமென்றே கையைப் பிடிக்கும் நோயாளியும், இரவுக் கடமையில் பல்லிளிக்கும் மேலுத்தியோகத்தரும் உலகில் இல்லாமலில்லை. நோயின் மயக்கத்தில் ஒருவர் செய்வதையும் மனமறிந்து ஒருவர் செய்வதையும் வேறுபிரித்தறியவும், “இது கூடாது” என்று உரத்துச் சொல்லவும், யாரிடம் முறையிடலாம் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். சொல் தெரியாத பிள்ளை முறையிடவும் மாட்டாள்.

அந்தத் தாய் கேட்ட ஒரே வகுப்பு விஷயம் மட்டும் மீதி. ஆண் தாதியரும் பெண் தாதியரும் ஒரே விடுதியில் வேலை செய்யப்போகிறவர்கள். பொதுப் பாடங்கள் ஒன்றாக நடக்கலாம். கதீற்றர் இடுவது போன்ற செய்முறைகளுக்கும், மனந்திறந்து கேள்வி கேட்பதற்கும் தனித்தனிச் சிறு குழுக்கள் இருப்பது நல்லது. படிப்பிப்பவர் அனுபவமுள்ள மூத்த தாதியாக, கூடுமானால் பிள்ளை பெற்று வளர்த்த ஒருவராக இருக்கட்டும். வைத்தியசாலைக்குப் பொறுப்பான குருவானவரும் தவணைக்கு ஒருமுறை வந்து மாணவிகளோடு இருக்கலாம். அவர் வரும்போது உரையை எழுதிக்கொண்டு வராமல், முதல் அரைமணி நேரம் அவர்கள் விடுதியில் கண்டதைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாரானால், அதன்பின் என்ன பேசுவதென்று அவருக்கே தெரிந்துவிடும்.